பன்மையை அளக்க இரண்டு பைகள்

பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தில் நான் செய்த செயல்பாடு இது. முதல் பையில் 10 புளியங்கொட்டை. இரண்டாவதில் 5 புளியங்கொட்டை, 5 மொச்சை. பார்க்காமல் ஒரு விதையை எடுத்து, திரும்பப் போட்டு, மீண்டும் ஒன்றை எடுக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறாக இருக்க நிகழ்தகவு முதல் பையில் 0, இரண்டாவதில் 1/2. அமெரிக்கா 2020 கணக்கெடுப்பில் மக்களின் இனப் பன்மையை இம்முறையில்தான் அளந்தது. நாட்டின் மதிப்பு 61.1 விழுக்காடு.

பிறகு இரு பைகளையும் ஒன்றாகக் கொட்டினோம்: 3/8. மலையாளிப் பழங்குடியினர் மிகுந்து வாழும் கல்வராயன் மலையிலிருந்து வரும் மாணவி கேட்டாள்: "சார், கள்ளக்குறிச்சி மாவட்டம்னு மொத்தமா கணக்குப் போட்டா எங்க மலை தெரியாதே?"

அதுதான் பாடம். மாவட்டங்களை ஒப்பிடும் முன் அவற்றின் உள்வட்டாரங்களைப் பார்க்க வேண்டும். வகுப்பில் செய்து பாருங்கள். மாணவரிடம் சாதி கேட்க வேண்டாம், விதைகளே போதும்.