திருகுத் துளையில் தெரியும் வயது

நூற்றைம்பது வயது தாண்டிய கோல்ட் 1851 நேவி ரிவால்வர் ஒன்று கருநீலம் மின்ன விற்பனைக்கு வந்தால், வாங்க வந்தவரின் கை முதலில் குழலைத் தடவும். என் கண் போவது திருகுத் துளைகளுக்கு.

நீலம் என்பது வண்ணப்பூச்சு அல்ல; எஃகின் மேல் வேதிமுறையில் வளர்த்த மெல்லிய ஆக்சைடு படலம். அது தேய்ந்த துப்பாக்கிக்குப் புதிதாக நீலமேற்ற வேண்டுமென்றால், முதலில் துருவையும் எஞ்சிய படலத்தையும் தேய்த்து எடுத்தாக வேண்டும். அங்கேதான் சேதம். மெருகேற்றும் சக்கரம் பட்டதும் எண்பட்டைக் குழலின் கூரிய விளிம்புகள் மழுங்கும், முத்திரை எழுத்துகள் ஆழம் குறையும், திருகுத் துளையின் வாய் கிண்ணம்போல் குழியும். எவ்வளவு தேர்ந்த கைவினைஞர் செய்தாலும், போன உலோகம் திரும்பி வராது.

நேவியில் இதற்கு அருமையான சாட்சி ஒன்று உண்டு. அதன் உருளையில், 1843இல் டெக்சஸ் கப்பல்களும் மெக்சிகோ கப்பல்களும் மோதிய போர்க்காட்சியைப் பதித்திருப்பார்கள். வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி செதுக்கிய காட்சி. கோடுகள் ஆழமற்றவை, புழக்கத்தில் எளிதில் தேய்பவை. கப்பல்கள் ஏறக்குறைய மறைந்துபோன உருளையில் நீலம் மட்டும் முழுதாக நின்றால், அந்த நீலம் பின்னால் வந்தது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அடுத்து, எந்தப் பாகத்துக்கு எந்த மெருகு? நேவியின் குழலும் உருளையும் நீலம். சட்டகமும் சுத்தியும் எலும்புக்கரியோடு சூடேற்றி நீரில் குளிர்வித்தவை; அதனால் நீலமும் பழுப்பும் கலந்த திட்டுகள் வரும். பெரும்பாலானவற்றில் விசைக்காப்பு வெள்ளி முலாம் பூசிய பித்தளை. முலாம் தேய்ந்தாலும் மூலை முடுக்குகளில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். சட்டகம்வரை ஒரே நீலமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஜெர்மானிய லூகரிலும் இதே நியாயம்தான்: பழைய லூகர்களில் விசை போன்ற சிறு பாகங்கள் வைக்கோல் மஞ்சளாக இருக்கும், மவுசர் ஆலை அந்த வழக்கத்தை 1937 வாக்கில் கைவிட்டது.

தேய்மானத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தோலுறையில் உரசும் குழல்முனையும் மேடான விளிம்புகளும் முதலில் வெளுக்கும். பள்ளங்களில் நீலம் தங்கும். துருக்குழியின் அடிவரை நீலம் இறங்கியிருந்தால் கதை வேறு: துரு முந்தியது, நீலம் பிந்தியது.

பார்ப்பதற்குக் கடை விளக்கு உதவாது. சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸோடு சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். அதற்கும் முன்னால், உருளையின் அறைகள் காலிதானா என்று தெரிந்தவரைக் கொண்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இவ்வகைப் பழைய துப்பாக்கிகளில் அந்தக் காலத்து வெடிமருந்து அப்படியே கிடப்பதுண்டு. உரிமையாளர் சம்மதித்தால் ஆப்பைக் கழற்றிக் குழலைப் பிரித்து, கைபடாத உட்பரப்பின் நிறத்தை வெளிப்பரப்போடு ஒப்பிடலாம். உப்புத்தாள், ரசாயனம் எதுவும் வேண்டாம்.

நிக்கல் பூசிய பழைய ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர்களில் வேலை இன்னும் சுலபம். ஆலை அவற்றின் சுத்திக்கும் விசைக்கும் பொதுவாக நிக்கல் பூசவில்லை. அவையும் வெள்ளையாகப் பளபளத்தால் யாரோ பிற்பாடு முலாமிட்டிருக்கிறார்கள். பிடியின் அடியில் வரிசை எண்ணுக்கு அருகே சிறு நட்சத்திரம் தென்பட்டால், அது பெரிய வேலைக்காக ஆலைக்கே திரும்பிப் போய் வந்ததன் அடையாளம். அந்த மெருகும் முதல் மெருகு ஆகாது. ஆனாலும் தெருமுனைப் பட்டறையில் நிக்கல் ஏற்றியதோடு அதை ஒரே தட்டில் வைத்து விலை பேச மாட்டேன்.