அரசு இணையதளத்தை அளப்பது எப்படி?

அரசு இணையதளம் ஒன்று நன்றாக நடக்கிறதா என்பதை, எத்தனை பேர் வந்து போனார்கள் என்ற கணக்கு சொல்லிவிடாது. வந்தவர்களின் காரியம் முடிந்ததா என்பதே கேள்வி. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுக்கான ஹெல்த்கேர்.கவ் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டபோது லட்சக்கணக்கானோர் மொய்த்தார்கள். அன்று காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் 6 பேர் என்று பின்னர் வெளியான அலுவல் குறிப்புகள் காட்டின. வருகைக் கணக்கை மட்டும் வைத்து அறிக்கை எழுதியிருந்தால் அந்த நாள் மாபெரும் வெற்றியாகத் தெரிந்திருக்கும்.

இந்த வேறுபாட்டை நிர்வாக விதியாகவே ஆக்கியது பிரிட்டன். அங்கே 2011-இல் தொடங்கப்பட்ட அரசு டிஜிட்டல் சேவைப் பிரிவு, மறு ஆண்டு அக்டோபரில் ஜிஓவி.யூகே தளத்தைத் திறந்தது. இணையவழிச் சேவை ஒவ்வொன்றும் நான்கு அளவுகளை வெளியிட வேண்டும் என்றும் வகுத்தது: ஒரு விண்ணப்பத்துக்கு ஆகும் செலவு, பயனரின் மனநிறைவு, தொடங்கியவர்களில் முடித்தவர்களின் விகிதம், எல்லா வழிகளிலும் வரும் விண்ணப்பங்களில் இணையவழியின் பங்கு.

நான்கில் அதிகம் கற்றுத்தருவது முடித்தவர் விகிதம்தான். 1000 பேர் தொடங்கி 640 பேர் ஒப்புகை எண் பெற்றால் விகிதம் 64 சதவீதம். அந்த ஒற்றை எண்ணால் பெரிய பயன் இல்லை. பக்கம் பக்கமாகப் பிரித்தால்தான் பயன். பெயர், முகவரிப் பக்கங்களைத் தாண்டி 880 பேர் வந்து, ஆவணம் பதிவேற்றும் பக்கத்துக்குப் பின் 650 பேரே மிஞ்சினால், கோளாறு இருக்கும் இடம் தெரிந்துவிடுகிறது. ஏன் என்பதை எண் சொல்லாது. விண்ணப்பிக்கும் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். செல்பேசியில் எடுத்த புகைப்படம் 4 எம்பி. படிவம் ஏற்பது 100 கேபி. பிழைச் செய்தி பக்கத்தின் உச்சியில் சிவப்பில் வருகிறது. கீழே பொத்தானை அழுத்தியவரின் திரையில் அது தெரிவதே இல்லை. அவர் மறுபடியும் மறுபடியும் அழுத்திவிட்டு வெளியேறுகிறார்.

எது தொடக்கம், எது முடிவு என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவைப்பது அவசியம். என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று பார்க்க மட்டும் வருபவர் உண்டு. பாதியில் சேமித்துவிட்டு மறுநாள் தொடர்பவர் உண்டு. தமக்குத் தகுதியில்லை என்று அறிந்து விலகுபவரும் உண்டு. இவர்களையெல்லாம் தோல்விக் கணக்கில் சேர்ப்பது தவறு. பக்கத்தில் செலவிட்ட நேரமும் இப்படித்தான். செய்தித்தாளின் தளத்தில் அது நீண்டால் வாசகருக்குப் பிடித்திருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். அரசுப் படிவத்தில் நீண்டால் பெரும்பாலும் குழப்பம்.

மனநிறைவுக் கருத்துக்கணிப்பில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கேள்வி கடைசிப் பக்கத்தில் வருகிறது. நடுவழியில் கைவிட்டவர்கள் அங்கே வருவதே இல்லை. ஆகவே பாதிப் பேரை இழக்கும் சேவைகூட 90 சதவீத மனநிறைவு காட்டக்கூடும். மனநிறைவையும் முடித்தவர் விகிதத்தையும் தனித்தனியே பிரசுரிக்கக் கூடாது. அருகருகே வைத்துத்தான் காட்ட வேண்டும். உதவி மையத்துக்கு வரும் அழைப்புகளின் காரணங்களையும், தளத்தின் தேடல் பெட்டியில் மக்கள் தட்டும் சொற்களையும் சேர்த்துப் படித்தால் விடுபட்டவர்களின் குரல் ஓரளவு கிடைக்கும்.

செலவுக் கணக்கைப் பிரிட்டனின் 2012 ஆய்வு தெளிவாக்கியது: இணையவழி விண்ணப்பம் தொலைபேசியைவிடச் சுமார் 20 மடங்கும், நேரில் வருவதைவிடச் சுமார் 50 மடங்கும் மலிவு. ஆனால் இணையத்தில் தொடங்கித் தடுமாறி அலுவலகத்துக்கு வருபவருக்கு அரசு இருமுறை செலவிடுகிறது.

வேகத்தைச் சராசரியால் அளக்கக் கூடாது. பக்கத்தின் முதன்மை உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், அதுவும் நான்கில் மூன்று வருகைகளுக்காவது என்பது கூகுள் வகுத்த வரம்பு. கடைசி நாள் நெரிசலைத் தனியே பார்க்க வேண்டும். 2014 அக்டோபர் 1-இல் பிரிட்டனில் வாகன வரிக்கான காகித வில்லை ஒழிக்கப்பட்ட சமயத்தில், அந்தச் சேவையின் தளம் கூட்டம் தாங்காமல் திணறியது. மாதச் சராசரியில் அப்படிப்பட்ட நாள் கரைந்துபோய்விடும்.

அறிக்கை மாதாமாதம் அதே எண்களை, அதே வரையறையில் தர வேண்டும். படிவம் மாறிய தேதி, சட்டம் திருத்தப்பட்ட தேதி, குக்கீ அனுமதி கேட்கத் தொடங்கிய தேதி எல்லாம் வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும். அனுமதி மறுப்பவர்கள் கணக்கில் விழாததால், வருகை குறைந்தது போன்ற தோற்றம் வரும். ஒவ்வொரு மோசமான எண்ணுக்கும் அடுத்து யார் என்ன செய்யப்போகிறார் என்பது இருக்க வேண்டும். மேலதிகாரிக்கு மட்டும் போகும் அறிக்கையில் நல்ல எண்களே முன்னுக்கு வரும்; பொதுவில் வைக்கப்படும் அறிக்கையில் அதற்கு இடம் குறைவு. பிரிட்டன் இவற்றைக் காட்டிவந்த பொதுத் தளத்தை 2021-இல் மூடிவிட்டது. வெற்றி எது என்று வரையறுத்து, செயல்பாட்டுத் தரவை மக்களுக்கு வெளியிட வேண்டும் என்ற கட்டளை மட்டும் அந்நாட்டுச் சேவைத் தரநிலையின் 10-ஆவது அம்சமாக நீடிக்கிறது.