பந்தய வண்டியும் பொறியியற் கல்வியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. அது பொறியியல் பயிலும் மாணாக்கர்க்குச் சாலவும் பொருந்தும். ஒரு சமன்பாட்டைப் பிழையற எழுதித் தேர்வில் வெற்றிபெறுதல் ஒன்று. அச்சமன்பாட்டை நம்பி ஒருவன் தன் உயிரை ஒப்புவித்து ஏறியமரும் வண்டியைச் செய்தல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை இளமையிலேயே கடத்தற்கு மோட்டார்ப் பந்தயத் தொழில் எங்ஙனம் துணைசெய்கின்றது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பந்தயமெனின் பொருளை விரயஞ்செய்யும் வீண் விளையாட்டென்பார் உளர். அதன் ஆரவாரத்தை யாமும் போற்றுகின்றிலேம். எமது கருத்து அதன் பின்னேயுள்ள பட்டறையைப் பற்றியது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, நார்தாம்ப்டன் கோட்டங்களிலும் அவற்றை அடுத்தும் பந்தய வண்டித் தொழிற்சாலைகள் பல உள. ப்ராக்லி, மில்டன் கீன்ஸ், க்ரோவ் முதலிய ஊர்களிலுள்ள ‘பார்முலா ஒன்’ தொழிற்சாலைகள், பல்கலைக்கழக மாணாக்கரை இறுதியாண்டிற்கு முன் ஓராண்டு தம்மிடம் வைத்துச் சம்பளமுங் கொடுத்துத் தொழில் பழக்குகின்றன.

அங்குச் செல்வானிடம் வண்டி முழுதும் ஒப்புவிக்கப்படுமென்று கருதற்க. ஒரு சிறு தாங்கியை வரைதல், ஓர் உறுப்பை முறியுமளவும் சோதித்தல், சோதனையிற் கண்ட அளவுகளைக் கணக்கிடுதல் ஆகிய இவையே அவன் பணி. ஆயினும் வேறிடங்களில் எளிதிற் கிடையாத நன்மையொன்று இங்குண்டு. பெரும்பாலங் கட்டுந் தொழிலில் தன் கணக்கின் பயனைக் காண ஓர் இளைஞன் பல்லாண்டு காத்திருத்தல் வேண்டும். பந்தயத் தொழிலிலோ, இன்று வரைந்தது சில கிழமைகளில் உலோகமாகி ஓடும். பிழையாயின் யாவருங் காண முறியும். பந்தய நாளும் ஒருவன் பொருட்டு ஒத்திவைக்கப்படாது.

இங்ஙனம் சிறு பணியினின்று உயர்ந்தோர் பலர். ராஸ் ப்ரான் என்பார் ஹார்வெல் அணுசக்தி நிலையத்தில் தொழில் பழகி, 1976-ஆம் ஆண்டில் மார்ச் என்னும் பந்தய வண்டிக் கம்பெனியில் மில்லிங் இயந்திரம் ஓட்டுபவராய் அமர்ந்தார். 2009-ஆம் ஆண்டில் அவர் பெயர் தாங்கிய அணியே உலக வெற்றிப் பட்டங்கள் இரண்டையும் பெற்றது. கேம்பிரிட்ஜில் பொறியியல் பயின்ற ஹன்னா ஷ்மிட்ஸ் என்னும் மாது, அதே 2009-இல் ரெட் புல் அணியிற் பயிற்சி மாணவியாய்ப் புகுந்து, பின்னர் அவ்வணியின் பந்தய உபாயங்களை வகுக்குந் தலைமை பெற்றார்.

நிற்க. அத்தகைய இடங்கள் சில, நாடுவோரோ பலர். ஆதலின் கல்லூரியிலிருந்தே ஆயத்தஞ் செய்தல் வேண்டும். அமெரிக்காவில் ஏறக்குறைய 1980-ஆம் ஆண்டளவில் தொடங்கி, இங்கிலாந்தில் 1998 முதல் ‘பார்முலா ஸ்டூடண்ட்’ என்னும் பெயரால் நடந்துவரும் போட்டி இதற்கு உற்ற வாயிலாகும். மாணாக்கரே வண்டியைச் செய்து, அவரே ஓட்டுதல் வேண்டும். மொத்தம் 1000 மதிப்பெண்கள்; அவற்றுள் வடிவமைப்பை நடுவர் முன் காரணங்காட்டி நிறுவுதற்கு 150; செலவுக் கணக்கிற்கு 100. ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நெடிய ஓட்டமும் உண்டு. அதனை முடியாது நின்றுவிடும் வண்டிகள் பல. நம் நாட்டிலும் கோயம்புத்தூர்க் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ‘பார்முலா பாரத்’ என்னும் இவ்வகைப் போட்டி நடைபெற்றுள்ளது.

இதிற் கற்கும் பாடத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு கூறுவாம். பெட்ரோல் எஞ்சினின் ஆற்றலை அடக்குதற்பொருட்டு, அதன் காற்று முழுதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளையின் வழியாய்ச் செல்லல் வேண்டுமென்பது விதி. எஞ்சின் மிக விரைந்து சுழன்று மிக வலிந்து இழுப்பின் மிகுந்த காற்று வருமன்றோ எனப் புதிய மாணாக்கன் எண்ணுவான். அஃதன்று. துளையிற் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டியபின், எத்துணை இழுப்பினும் விநாடிக்கு ஏறத்தாழ 75 கிராமுக்கு மேற் காற்றுச் செல்லாது. எனவே, அவன் செய்யத்தக்கது வலிந்திழுத்தலன்று. வாயிலை வழுவழுப்பாக்கிக் குழாயைத் துளைக்கப்பால் மெல்ல மெல்ல விரித்து, காற்றின் அழுத்தம் வீணாகாமற் காத்தலேயாம். நூலில் ஒரு பக்கத்திற் படித்து மறந்த செய்தி, இங்ஙனம் கையாற் செய்தபின் ஒருகாலும் மறவாது.

இவையனைத்தினும் மேலான பாடமொன்றுண்டு. தான் செய்த உறுப்பில் மயிரிழை போன்ற வெடிப்பொன்றைப் பந்தயத்திற்கு முன்னாளிரவு காண்கின்றான் ஒரு மாணாக்கன். சொன்னால் தோழரின் பன்மாத உழைப்பு வீணாகலாம். சொல்லாவிடின் ஓட்டுவோன் உயிருக்கே கேடு வரலாம். அப்பொழுது வாய்திறந்து, ‘பிழை என்னுடையது, வண்டியை நிறுத்துங்கள்’ என்று சொல்லவல்லவனே பொறியாளன் எனத் தகுவான். அத்துணிவு நாற்பது வயதில் திடீரென வருவதன்று, இளமையிற் பழகவேண்டுவது.

ஆதலின் நம் மாணாக்கர் வேகத்தை மட்டும் விரும்பி இத்துறையை நாடாதொழிக. கணிதத்தையுங் கைவிடாது, பட்டறையையும் வெறுக்காது, அன்றன்று செய்ததையும் தவறியதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. பயிற்சிக்கு ஆள் தெரிவோர் வினவும்போது, வென்ற கோப்பையினும் அக்குறிப்பேடே அவர்க்குச் சிறந்த சான்றாய் நிற்கும்.