ஷெல் முரண்டு பிடிக்கும்போது

திருச்சிக் கல்லூரிகளில் படித்துவிட்டு லினக்ஸ் சர்வர் வேலைக்குப் போகும் பிள்ளைகள் முதல் மாதம் சொல்லும் புகார் ஒன்றுதான்: “சார், சரியாத்தான் அடிச்சேன், ஷெல் கேக்க மாட்டேங்குது.” நாம் திரையில் படிப்பது ஒன்று, ஷெல்லின் கைக்குப் போவது வேறு. எங்கே வேறுபடுகிறது என்று பார்ப்பதுதான் மொத்த வித்தையும்.

1. திரை உறைந்துவிட்டால் டெர்மினலை மூடாதீர்கள். கை தவறி கன்ட்ரோல்-எஸ் அழுந்தியிருக்கும். கன்ட்ரோல்-க்யூ கொடுங்கள், தேங்கியதெல்லாம் வரும். அடிப்பது தெரியவில்லை என்றால் ‘ரீசெட்’ என்று அடித்து என்டர் தட்டுங்கள்.

2. பிழைச் செய்தியை முழுக்கப் படியுங்கள். ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்றால் அந்தப் பெயரில் எதுவும் அகப்படவில்லை. வெளியேற்ற எண் 127. ‘பர்மிஷன் டினைட்’ என்றால் கோப்பு இருக்கிறது, ஓட்ட அனுமதி இல்லை, எண் 126.

3. முதல் புரோகிராமுக்கு ‘டெஸ்ட்’ என்று பெயர் வைப்பவர்கள் நிறையப் பேர். ஓட்டினால் விடையும் வராது, பிழையும் வராது. ‘டைப் டெஸ்ட்’ என்று கேளுங்கள். அது ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை என்று சொல்லும். உங்களுடையதை ஓட்ட, பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் போடுங்கள். அலியாஸ் குறுக்கே நின்றாலும் ‘டைப்’ காட்டிக்கொடுத்துவிடும்.

4. ‘காவிரி பாலம்’ என்ற கோப்புப் பெயரை மாறியில் போட்டு, மேற்கோள் இல்லாமல் ‘ஆர்எம்’மிடம் கொடுத்தால் ‘காவிரி’, ‘பாலம்’ என்று இரண்டு கோப்புகளை அழிக்கப் பார்க்கும். 1979-இல் வந்த போர்ன் ஷெல்லின் பழக்கம் இது. 1989-இல் வந்த பாஷும் விடவில்லை. மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். சந்தேகம் வந்தால் ‘செட் மைனஸ் எக்ஸ்’ போட்டு ஓட்டுங்கள். கட்டளை விரிந்தபின் எப்படி ஆகிறது என்று தெரியும்.

5. விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்ட் ‘பேட் இன்டர்பிரட்டர்’ என்றால், வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டியிருக்கிறது. ‘கேட் மைனஸ் ஏ’ அதைக் காட்டும், ‘டாஸ்-டு-யூனிக்ஸ்’ நீக்கும்.

6. தமிழில் தேடுவோருக்கு இது முக்கியம். கோப்பில் ஸ்ரீரங்கம் கண்ணெதிரே இருக்கும், ‘கிரெப்’ இல்லை என்று சாதிக்கும். காரணம், ஸ-வில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, யூனிகோடு 2005-இல் சேர்த்த ஶ-வில் தொடங்கும் ஶ்ரீ இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ‘எக்ஸ்எக்ஸ்டி’யில் பாருங்கள்: அந்த எழுத்தின் மூன்றாவது பைட் ஒன்றில் பி8, மற்றதில் பி6. இரண்டையும் சேர்த்தே தேடுங்கள். எண்ணிக்கையிலும் கவனம் தேவை: ‘திருச்சி’ நமக்கு 4 எழுத்து, யூனிகோடுக்கு 8 குறி, வட்டில் 24 பைட். தமிழ்ப் பட்டியலில் பத்திகள் கோணுவது இதனால்தான்.

7. கையால் ஓட்டினால் ஓடும், கிரானில் ஓடாது என்றால் பாத் குறைந்திருக்கும். கட்டளைக்கு முழுப் பாதை எழுதுங்கள்.

8. சீனியரிடம் கேட்கும்போது “வேலை செய்யல சார்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அடித்த கட்டளை, வந்த செய்தி, ‘டைப்’ சொன்ன பதில் மூன்றையும் அப்படியே எடுத்துப் போங்கள். அவற்றைத் திரட்டும்போதே பாதிப் பிழை அகப்பட்டுவிடும்.