வீக்கம் வடிந்தாலும் ஓயாத அசதி

முடக்கு வாதம் என்று சொன்னால் பார்ப்பவர்களின் கண் நேராக விரல் மூட்டுக்குத்தான் போகும். வீங்கியிருந்தால் "ஐயோ பாவம்" என்பார்கள். வடிந்திருந்தால் குணமாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். மூட்டு அடங்கியிருக்கும் நாளிலும் தொடையும் தோளும் ஓய்ந்து கிடப்பதை யாருக்கும் காட்ட முடியாது. எனக்கு வலியைவிடப் பெரிய தொல்லை இதுதான்.

ஈரத் துண்டைப் பிழியும்போது முதல் முறுக்குக்குக் கை ஒத்துழைக்கும். அடுத்த முறுக்கில் முழங்கைக்குக் கீழே சதை நடுங்க ஆரம்பிக்கும். அதற்கு மேல் விரல்கள் தாமாகவே துண்டை விட்டுவிடும். பள்ளியில் கரும்பலகையின் மேல் வரியில் எழுதி முடிப்பதற்குள் தோள் கனத்துவிடும். "லீவு போட்டு நல்லா ரெஸ்ட் எடுங்க டீச்சர்" என்பார்கள் உடன் வேலை செய்பவர்கள். அன்பாகச் சொல்வதுதான், ஆனால் அரைகுறை யோசனை. படுத்தே கிடந்தால் இருக்கிற சதையும் மெலியும்.

நம் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதுதான் இந்த நோய். அப்போது சுரக்கும் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் மூட்டோடு நிற்காமல் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகின்றன. தசையிலுள்ள புரதத்தைக் கரைக்கின்றன. கரைந்த சதைக்குப் பதிலாகக் கொழுப்பு சேர்ந்துவிட்டால் எடை மிஷினில் எண் மாறாது. "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று பிறர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் எல்லா அசதியையும் வாதத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, வைட்டமின் டி குறைவு, தூக்கமின்மை எல்லாமே இப்படிப் படுத்தும். அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்கும்போதே ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஸ்டீராய்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு இந்த நோயாளிகளை எழுந்து நடக்க வைத்ததைக் காட்டிய பிலிப் ஹெஞ்ச், 1950-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவ்வளவு பெரிய மருந்துதான். ஆனால் அதே வகை மருந்து அதிக அளவில் நெடுநாள் உள்ளே போனால் இடுப்புச் சதையும் தொடைச் சதையும் பலமிழக்கும். அதற்குப் பயந்து சட்டென நிறுத்துவது அதைவிட ஆபத்து. டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பொட்டலம் கட்டிக் கொடுக்கும் பேர் தெரியாத பொடியிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

வாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைப் போட்ட மறுநாள் சிலருக்கு உடம்பு சோர்ந்துவிடும். டாக்டரிடம் கேட்டு அதைச் சனிக்கிழமை இரவுக்கு மாற்றிக்கொண்டேன். சோர்வு ஞாயிற்றுக்கிழமையோடு போகிறது. வாரத்துக்கு ஒரே நாள் போடும் மாத்திரை அது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

எனக்குப் பலன் தந்தது பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்த சின்னச் சின்னப் பயிற்சிகள். கைப்பிடியைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்துவது, அவ்வளவுதான். பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடுதல் வலி நீடித்தால், மறுமுறை அளவைக் குறைத்துவிடுவேன். மூட்டு சூடாக வீங்கியிருக்கும் நாளில் மெதுவாக மடக்கி நீட்டுவதோடு சரி. கூடவே சாப்பாட்டில் முட்டை, சுண்டல், பருப்பு ஏதாவது ஒன்று வேளை தவறாமல் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

வீட்டில் ஜம்பம் பார்ப்பதில்லை. துணி பிழிவது மெஷினின் வேலை. மாவுப் பாத்திரத்தைத் தூக்காமல் மேடை மேலேயே நகர்த்துவேன். காய் நறுக்குவதும் உட்கார்ந்துதான். மிச்சமாகும் தெம்பு பலகையில் எழுத உதவுகிறது.

திடீரெனப் பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, கழுத்து வலியோடு கையும் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் கறுத்துச் சதை வலித்தாலோ அதை வெறும் அசதி என்று விடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது "டயர்டா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். மாடிப்படியில் எங்கே நிற்க வேண்டியிருக்கிறது, தலை வாரும்போது கை எப்போது இறங்கிவிடுகிறது என்று சொல்லுங்கள். என் டாக்டர் என் தொடைச் சதையைச் சோதித்துப் பார்த்தது அப்படிச் சொன்ன பிறகுதான்.