வரிசை மாறும் நினைவகம்

1986-ஆம் ஆண்டிலேயே நமது பெங்களூரில் ஓர் இணைக்கணினி உருவாயிற்று. நேஷனல் ஏரோஸ்பேஸ் லேபரட்டரீஸ் என இன்று வழங்கும் ஆய்வுக்கூடத்தின் 'ஃபுளோசால்வர்' அது. அதன் முதல் அமைப்பில் நான்கு இன்டெல் 8086 செயலிகள் கணக்குகளைப் பங்கிட்டுச் செய்தன. வேலையைப் பங்கிட்டால், ஒருவர் முடித்ததை மற்றவர் அறியவேண்டுமல்லவா? நான் சொல்ல வந்த சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

இரு செயலிகளுக்கு ஒரே நினைவகம் என்று கொள்வோம். முதற்செயலி விடையை எழுதுகிறது. பிறகு, 'ஆயிற்று' என்பதற்கு அடையாளமாக, கொடி என்னும் இடத்தில் 1 என்று எழுதுகிறது. இரண்டாவது செயலி கொடியைப் பார்த்துக்கொண்டே இருந்து, 1 ஆனதும் விடையைப் படிக்கிறது. இதில் பிழை வருமா? வரும்!

8086 தன் எழுத்துகளை வரிசை தவறாமல் வெளியே அனுப்பும் பழமைக்காரன். இன்றைய செயலிகளோ நினைவகத்துக்காகக் காத்து நிற்பதில்லை. எழுதவேண்டியவற்றைத் தம்முள் சிறிது நேரம் தேக்கி வைக்கும். அப்போது விடை பிந்தி, கொடி முந்தலாம். படிக்கும் செயலியும் சளைத்ததன்று. கொடி வருமுன்பே விடையை முன்கூட்டிப் படித்து வைத்துக்கொள்ளும். இந்தத் தில்லுமுல்லு தனியாக ஓடும் நிரலுக்குத் தெரியவே தெரியாது. அயலில் இருக்கும் செயலிக்கே வெளிப்படும்.

எல்லாச் செயலிகளின் வேலையும் ஏதோ ஒரே வரிசையில் நடந்தாற்போல் முடிவு இருக்கவேண்டும், அதில் ஒவ்வொன்றின் கட்டளைகளும் நிரலில் உள்ள முறையே அமையவேண்டும் என்று 1979-இல் லெஸ்லி லாம்போர்ட் வகுத்தார். அழகிய விதிதான், வேகத்தை நாடுவோர் அதைத் தளர்த்திவிட்டனர்.

பரிகாரம் வேலி. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' செயலிகள் தழுவும் ரிஸ்க்-ஃபைவ் முறையில் அக்கட்டளைக்குப் பெயரே 'ஃபென்ஸ்'. எழுதும் பக்கத்தில் இரண்டு எழுத்துகளுக்கும் நடுவே ஒன்று, படிக்கும் பக்கத்தில் இரண்டு வாசிப்புகளுக்கும் நடுவே ஒன்று வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வேலியிட்டால் மாடு மறுபக்கமாக நுழையும்.

நம் மடிக்கணினிகளில் பல இன்டெல், ஏ.எம்.டி. வகையின. அவை இரண்டு எழுத்துகளையோ இரண்டு வாசிப்புகளையோ பிறர் காண இடம் மாற்றுவதில்லை. எழுத்துக்குப் பின்வரும் வேறிட வாசிப்பு மட்டும் முந்தலாம். எனவே நமது கொடி உதாரணம் அங்கே ஆயிரம் முறை சரியாக ஓடும், ஏ.ஆர்.எம். செயலியுள்ள கைப்பேசியில் என்றோ ஒருநாள் கவிழும். இதைச் சோதனையால் பிடிப்பது மிகக் கடினம்.

கம்பைலரும் வரிசையை மாற்றவல்லது. ஆகையால், 2011-ஆம் ஆண்டின் சி மொழித் தரம் தந்த 'அட்டாமிக்' வகையில் கொடியை அறிவித்து, எழுதும்போது 'ரிலீஸ்' என்றும் படிக்கும்போது 'அக்வயர்' என்றும் குறியுங்கள். அந்தந்தச் செயலிக்கு ஏற்ற காவலைக் கம்பைலரே இட்டுவிடும்.