உழவர் சந்தைக்கு நாள்தோறும் கீரை

1999 நவம்பர் 14-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. விளைவித்தவரே இடைத்தரகர் இன்றி நகர மக்களுக்கு நேரில் விற்பது இதன் நோக்கம். கடைக்கு வாடகை இல்லை. உழவர் அடையாள அட்டை அவசியம்.

நகரத்தில் வாங்குவோருக்குத் தினமும் ஒரு கட்டுக் கீரை போதும். பத்து சென்ட்டிலும் ஒரே நாளில் விதைத்தால் கீரை ஒரே சமயத்தில் வந்து குவியும். விற்காதது மாலைக்குள் வாடிவிடும். போட்ட முதலும் கைக்கு வராது. பிறகு பல நாள் கடை காலி. வாடிக்கையாளரும் வேறு கடைக்குப் போய்விடுவார்.

இதைத் தவிர்க்க நிலத்தைப் பத்துப் பாத்திகளாகப் பிரித்து, மூன்று நாளுக்கு ஒரு பாத்தி வீதம் சிறுகீரை விதைக்க வேண்டும். விதை மிகச் சிறியதாகையால் மணலுடன் கலந்து தூவினால் சீராக விழும்.

சுமார் 25 நாளில் வேருடன் பிடுங்கலாம். முதல் பாத்தியை மூன்று நாளில் பிடுங்கி முடிக்கும்போது அடுத்த பாத்தி தயாராகிவிடும். காலியான பாத்தியைக் கொத்தித் தொழு உரமிட்டு, முப்பதாம் நாள் மீண்டும் விதைக்கலாம்.

இலையைப் பூச்சி கடித்தால் வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பது நலம். உண்பவர்களில் குழந்தைகளும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. பிடுங்கிய கீரையை மண் போக அலசி, ஈரச் சாக்கால் மூடிக் கொண்டு செல்ல வேண்டும்.

தினமும் கீரை உள்ள கடையை வாடிக்கையாளர் தேடி வருவர்.